வளவு வீட்டு மாடியில் சோலார்: சிறிய நிறுவனத்தை நம்பிக் கொடுக்கலாமா?

தமிழ்நாட்டில் வீட்டுக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மின்வாரியம் என்று பழகிய பெயரில் சொன்னாலும், 2024-இல் பிரித்த பிறகு வந்த மின் பகிர்மானக் கழகம் என்று சொன்னாலும், நம் தெருவுக்கு வரும் கம்பி ஒன்றுதான். ஆனால் மாடியில் சோலார் வைக்க நினைப்பவருக்கு மட்டும் ஒரு தேர்வு உண்டு: யாரிடம் கொடுத்து வைப்பது? காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, பெரிய நிறுவனங்களைத் தவிர்த்துவிட்டு, மூன்று நான்கு பேர் மட்டுமே வேலை செய்யும் உள்ளூர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஏன் அப்படிச் செய்தோம், அதற்கு முன் எவற்றை உறுதிசெய்துகொண்டோம் என்பதை, இதே யோசனையில் இருக்கும் செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய, வீட்டு மாடிச் சோலாருக்கான மத்திய அரசுத் திட்டத்தில், நாம் வைக்கும் திறனில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம் கிடைக்கிறது; எவ்வளவு பெரிதாக வைத்தாலும் 78,000 ரூபாய்க்கு மேல் இல்லை. மானியம் வேண்டுமானால் பதிவுபெற்ற நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும், பேனலும் உள்நாட்டில் தயாரானதாக இருக்க வேண்டும். இந்த விதி பெரியவர், சிறியவர் இருவருக்கும் பொது என்பதால், பொருளின் தரத்தில் அவர்களிடையே நாம் அஞ்சுகிற அளவுக்கு வேறுபாடு இல்லை. வேறுபாடு இருப்பது மாடியைப் பார்க்கும் பார்வையில்தான்.

நம் பக்கத்து மாடிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முகப்புக்கு மேல் மாடியும், வளவு என்று நாம் சொல்லும் நடு முற்றப் பகுதியைச் சுற்றி ஓட்டுக்கூரையும், பின்கட்டில் மட்டத்தளமுமாகக் கட்டிய வீடுகள் இவை. அந்த மட்டத்தளம் இப்போதைய கான்கிரீட் அல்ல. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லையும் சுண்ணாம்பையும் போட்டு, அதன் மேல் தட்டோடு எனப்படும் தட்டையான ஓட்டைப் பதித்தது. பெரிய நிறுவனத்திலிருந்து பேசியவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே மூன்று கிலோவாட் தாராளமாக வைக்கலாம் என்று விலைப்பட்டியலை அனுப்பிவிட்டார். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும் என்ற கணக்கின்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் தளம் எதனால் ஆனது என்று அவர் கேட்கவில்லை. முகப்பு மாடியின் நிழல் பிற்பகலில் எங்கே விழும் என்றும் கேட்கவில்லை.

உள்ளூர் நிறுவனத்துத் தம்பி நேரில் வந்து, சாவிக்கொத்தால் தட்டோட்டை அங்கங்கே தட்டிப் பார்த்து, ஓசை மாறிய இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டார். "அண்ணே, இதுல துளை போட்டு போல்ட் இறக்கினா ஐப்பசி மழைக்குக் கீழ ஒழுகும். அப்புறம் சுண்ணாம்பு வேலைக்கு ஆள் தேடி அலையணும்" என்றார். துளையே போடாமல், கான்கிரீட் கட்டைகளின் எடையில் நிற்கும் சட்டத்தை, உத்திரங்களின் நடுவில் வைக்காமல் சுவர்களின் மேலேயே பாரம் இறங்கும்படி அமைப்பதாகச் சொல்லி வரைந்து காட்டினார். பொழுது சாயும்வரை இருந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழல் எட்டும் இடத்தையும் கோடு போட்டுக்கொண்டார். வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் சேர்ந்து குறையக்கூடும் என்பதால், அந்தக் கோடு வெறும் சம்பிரதாயம் அல்ல. நூறு ஆண்டுக்கு அருகில் நிற்கும் தளத்தில் ஏறுபவருக்கு இந்த அக்கறை இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அளவிலும் அவர் சொன்னது வேறு. இங்கே ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கிலோவாட் இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட் தரும். எங்கள் வீட்டுச் செலவு 600 யூனிட்டை ஒட்டி வருகிறது. முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். 500-ஐத் தாண்டினால் அடுக்குக் கட்டணம் மொத்தமாக மாறிவிடுவதுதான் நம் பில்லைக் கனக்கச் செய்கிறது. இரண்டு கிலோவாட்டே அந்த எல்லைக்கு வெகு கீழே கொண்டுவந்துவிடும். மானியம் குறைகிற மூன்றாவது கிலோவாட்டை எங்களுக்கு விற்க அவர் முயலவில்லை.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். சிறிய நிறுவனம் நாளைக்கு மூடிவிட்டால் என்ன செய்வது? பிரிட்டனில் ஒவ்வொரு வீடும் தன் மின் நிறுவனத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறது. 2021-இல் எரிவாயு விலை கடுமையாக ஏறியபோது அங்கே இருபதுக்கும் மேற்பட்ட சிறிய நிறுவனங்கள் மூடப்பட்டன. ஆனால் அதனால் எந்த வீட்டிலும் மின்சாரம் நிற்கவில்லை, ஏனென்றால் ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு அந்த வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. சோலார் மாட்டித் தந்தவர் கடையை மூடினால், நம்மை அப்படி ஏற்றுக்கொள்ள இங்கே அமைப்பு எதுவும் இல்லை. ஆகவே அந்த ஏற்பாட்டை நாமேதான் முன்கூட்டிச் செய்துகொள்ள வேண்டும்.

பேனலுக்கான இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதத்தைத் தருவது பேனல் தயாரித்தவர்தான், மாட்டியவர் அல்ல. அதனால் ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும், சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்பே படம் எடுத்து, பில்லில் எழுதி வாங்கிக்கொண்டோம். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர், மதுரையிலோ திருச்சியிலோ சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனியுடையதாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டோம். உற்பத்தியைக் கைப்பேசியில் பார்க்கும் செயலியின் கணக்கை, மாட்டுபவர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரில் தொடங்கிவிடுகிறார்கள். அவர் போய்விட்டால் நம் வீட்டுக் கணக்கை நாமே பார்க்க முடியாமல் போகும். எங்கள் எண்ணிலேயே தொடங்கச் சொன்னோம், தம்பியும் தயங்காமல் செய்து தந்தார். திட்டத்தின்படி ஐந்தாண்டுப் பராமரிப்பு அவர் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொண்டோம். இவற்றுக்கு முகம் சுளிக்கிறவர் பெரிய நிறுவனத்துக்காரராக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

பவர் கட்டின்போது சோலார் ஓடாது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கம்பியில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்க, மின்வாரிய இணைப்பு நின்றதும் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். அந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரி வேண்டும், அது தனிச் செலவு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே பேட்டரி ஆராய்ச்சி செய்து வருகிறது. வீட்டுப் பேட்டரியின் விலை நமக்கு எட்டும் நாளுக்காக நான் ஆவலோடு காத்திருக்கிறேன்.

செம்மண் புழுதியும் மயில் எச்சமும் நம் பக்கத்தில் அதிகம் என்பதால் பேனலை அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும். போர் தண்ணீரில் கழுவினால் உப்பு படிகிறது. வளவு முற்றத்தில் பிடித்து வைக்கும் மழைத் தண்ணீரே இதற்கு நல்லது. காலையில் கண்ணாடி சூடேறுவதற்கு முன் கழுவிவிட வேண்டும்.

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது மாடி வேலை அல்ல, பெயர் மாற்றம்தான். மின் இணைப்பு இன்னும் குடும்பத்து மூத்தவரான ஐயா பெயரிலேயே இருந்தது. மானியமோ இணைப்புக்கு உரியவரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிகளின் தனித்தனிக் குடும்பங்களுக்கு, பொது என்பதால், பின்கட்டு மாடியை நாங்கள் பயன்படுத்திக்கொள்ளப் பங்காளிகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் கையெழுத்திட்டு அனுப்பும்வரை தம்பி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். மாத இலக்கு வைத்து விற்கும் பெரிய நிறுவனத்தில் இந்தப் பொறுமையை நான் எதிர்பார்த்திருக்க மாட்டேன்.

மானியம் பிறகுதான் வரும் என்பதால் முழுத் தொகையையும் முதலில் நாம்தான் புரட்ட வேண்டும். அதைத் தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை மின்வாரியம் நெட் மீட்டர் மாட்டி, அதில் போகும் யூனிட்டும் வரும் யூனிட்டும் தனித்தனியே பதிவாவதை நாங்கள் பார்த்த பிறகே கொடுப்பதாகப் பேசி, அப்படியே கொடுத்தோம். பேச்சைத் தொடங்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.