முதலில் வாயைத் திற

சர்வர் படுத்துக்கொண்டால் எழுப்பிவிடுவது என் வேலை. பதினோரு வருடமாக இதே பிழைப்பு. இரவு இரண்டு மணிக்கு போன் அலறும். எழுந்து உட்கார்ந்து, தட்டச்சிலேயே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு மறுபடி படுத்துவிடுவேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை. பகல் மீட்டிங்குகளிலும் மைக்கை அணைத்துவிட்டு சாட்டில் எழுதுகிற ஆள்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சீட்டு விளையாடப் போன இடத்தில் எனக்கு இடித்தது இதுதான்.

அமேசான் கிளவுட்காரர்கள் லாஸ் வேகாஸில் 2012 முதல் நடத்திவரும் ரீ-இன்வென்ட் மாநாட்டுக்கு ஒரு வருடம் கம்பெனி என்னை அனுப்புவதாகச் சொன்னது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடும் கூட்டம். நடப்பது சூதாட்ட விடுதிகளில் என்பதால், கருத்தரங்கு அறைக்குப் போகும் வழியெல்லாம் ஸ்லாட் மெஷின்கள்தான். வியாழக்கிழமை ராத்திரி எல்லோருக்கும் பெரிய பார்ட்டி உண்டு. பார்ட்டி எனக்கு ஒத்துவராது. அந்த நேரத்தில் ஒரு சின்ன போக்கர் டோர்னமென்ட்டில் உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. மூன்று வருடமாக போனில், காசு வைக்காமல், போக்கர் ஆடிவந்தேன். எதிரே மனிதர்கள் உட்கார்ந்து ஒரு தடவைகூட ஆடியதில்லை.

அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "மூணு சீட்டாடா?" என்றார். அது வேறு, இது வேறு என்று ஆரம்பித்து பாதியில் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் சீட்டு என்றால் ஒன்று தீபாவளி ரம்மி, இல்லாவிட்டால் பைக்கை வைத்து ஆடித் தோற்ற சித்தப்பா. நடுவில் வேறு ஒன்று இருக்கிறது என்று போனில் புரியவைக்க முடியாது. மனைவிதான் நேராகக் கேட்டாள்: "அதிகபட்சம் எவ்வளவுங்க போகும்?"

நல்ல கேள்வி. டோர்னமென்ட்டைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். காசு மேசையில் பை காலியாகும்வரை போட்டுக்கொண்டே இருக்கலாம். டோர்னமென்ட்டில் நுழைவுக் கட்டணம் ஒருமுறைதான். அதற்கு 20,000 மதிப்புக்கு சிப் என்கிற பந்தய வில்லைகள் தருவார்கள், அது தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான். ஆனால் பல இடங்களில் மறுபடி கட்டிவிட்டு உள்ளே வரலாம் என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். தூண்டில் அங்கேதான் இருக்கிறது. 150 டாலர், ஒரே தடவை என்றேன். "அப்போ கார்டை ரூம் லாக்கர்ல வச்சுட்டுப் போங்க" என்றாள்.

எங்கள் டெஸ்டிங் குழுவில் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். கணினிக்கு வருவதற்கு முன், தொண்ணூறுகளில், கேசினோ நகரமான ரீனோவில் ஆறு வருடம் டீலராகச் சீட்டுப் போட்டவர். விஷயத்தைக் கேள்விப்பட்டதும், "வியாழக்கிழமை மதியம் சின்ன மீட்டிங் ரூமுக்கு வா" என்றார்.

கணக்கில் நான் தேர்ந்தவன் என்ற நினைப்போடு போனேன். கையில் வரும் இரண்டு சீட்டும் ஆஸாக இருக்க வாய்ப்பு 221-இல் ஒன்று. ஃபிளஷுக்கு, அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேர, ஒரு சீட்டு குறைந்தால் அந்தச் சின்னத்தில் மிச்சமிருப்பது ஒன்பது. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக இன்னும் இரண்டு சீட்டு திறக்க வேண்டியிருந்தால் நான்கால் பெருக்கிக்கொள், கிட்டத்தட்ட 36 சதவீதம். இதையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, 800-க்கு ரெய்ஸ் செய்" என்றார், பந்தயத்தை ஏற்றச் சொல்லி.

மேசையில் பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்ட வேண்டிய பந்தயம், 100-200. நான் நான்கு நூறு சிப்புகளை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, இன்னும் நான்கை எடுக்கக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். இரண்டாவது அடுக்கை வைக்கும்போது அவர் விரல் குறுக்கே வந்தது.

"முதலில் வைத்தது மட்டும்தான் கணக்கு. இரண்டாவதைத் திருப்பி எடுத்துக்கொள்."

பாதியை வைத்து எதிராளி முகத்தைப் படித்துவிட்டு மீதியை வைக்கிற தந்திரத்தைத் தடுக்கத்தான் இந்த விதி. "எண்ணூறு" என்று வாயால் சொல்லிவிட்டால் பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் அள்ளி வைக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பைத் தூக்கிப் போட்டால், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வெறும் 'கால்'தான், அதாவது ஏற்கனவே இருக்கும் பந்தயத்துக்குச் சமமாகக் கட்டியதாகத்தான் கணக்கு. மீதிச் சில்லறை திரும்பி வந்துவிடும். அவர் வேலை பார்த்த காலத்தில் கேசினோவுக்குக் கேசினோ விதி மாறுமாம். 2001-இல் டோர்னமென்ட் நடத்துபவர்கள் சங்கம் ஒன்று அமைத்த பிறகுதான் பெரும்பாலும் ஒன்றாகியிருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம் என்ற விதியையும் சொன்னார். பக்கத்தில் இன்னொரு தமிழர் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "ஆட்டம் முடிந்தபிறகு பேசு. நீதான் எப்போதுமே பேசுவதில்லையே" என்றார்.

ஐந்து வியாழக்கிழமைகள். ஒவ்வொரு தடவையும் கை முந்தும், வாய் பிந்தும். போனில் பொத்தானை அழுத்திப் பழகிய உடம்பு அது. "முதலில் வாயைத் திற, அப்புறம் கை" என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது. இதற்கு நடுவில் ஒரு ரிலீஸ் மீட்டிங்கில், "இன்னிக்கே போட்டுடலாம்..." என்று ஆரம்பித்து, மேலாளர் முகம் போன போக்கைப் பார்த்து, "...இல்லாட்டி திங்கள்கிழமை" என்று முடித்தேன். எதிர் வரிசையில் அவர் மேசையை விரலால் இரண்டு தட்டு தட்டினார். அது என்னவென்று எனக்கு மட்டும் தெரிந்தது.

வீட்டில் சீட்டைப் பார்க்கப் பழகினேன். சிரிக்க வேண்டாம். திரையில் சீட்டு தானே முகம் காட்டும். மேசையில் இரண்டு கையாலும் மறைத்து, கட்டைவிரலால் ஓரத்தை மட்டும் தூக்கி, எண்ணைப் பார்த்துவிட்டுப் படுக்கவைக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் எதிரே பெண்ணை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். "அப்பா, ரெண்டும் சிவப்பு" என்றாள். இன்னும் தாழ்த்தினேன். "ஒண்ணு ஆட்டின்." அவளுக்கு எதுவும் தெரியாமல் போக நான்கு நாள் ஆயிற்று.

கை நடுங்கினால் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். டீலரம்மா நேர் எதிராகச் சொன்னார்: ஏமாற்றப் பார்ப்பவன் உடம்பை இறுக்கிக்கொள்வான், பெரிய சீட்டு வந்தவனுக்குத்தான் பெரும்பாலும் கை ஆடும். எனக்கு எது வந்தாலும் ஆடியது. அதனால் முழங்கையை மேசையில் ஊன்றிவிட்டுச் சிப்பைத் தள்ளக் கற்றுக்கொடுத்தார்.

அலுவலகத்தில் விஷயம் கசிந்ததும், ஒருவர் தவறாமல் கிறிஸ் மணிமேக்கர் கதையைச் சொன்னார். டென்னசியில் கணக்காளர் வேலை பார்த்தவர். ஆன்லைனில் ஆடி இடம் பிடித்து, 2003-இல் வேகாஸ் உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் அள்ளினார். அதுதான் அவருக்கு முதல் நேரடி டோர்னமென்ட்டும்கூட. அன்று ஆடியவர்கள் 839 பேர். "மீதி 838 பேரும் என்ன ஆனார்கள் என்று கேள்" என்றார் டீலரம்மா.

எனக்கு உண்மையில் உதவியது வேறு ஒரு கணக்கு. நேரடி மேசையில் மணிக்கு 30 ஆட்டம் போனாலே அதிகம். மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தால் 90 ஆட்டம். அதில் ஏதாவது ஒரு ஜோடி வருவது ஐந்து தடவை இருக்கலாம். ஆஸ் ஜோடியை எதிர்பார்க்கவே வேண்டாம். ஆக, போட்டி என்பது பெரும்பாலும் சீட்டைப் பார்த்துக் கீழே போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது. அதற்குத் தயாராவது எப்படி? நைட் டூட்டி பார்த்தவனுக்கு இது புதிதில்லை. ஒரு சர்வரைத் தப்பாக ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அந்த எரிச்சலில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றையும் ரீஸ்டார்ட் செய்தவன் நான். தோற்ற அடுத்த ஆட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாநாட்டு வியாழக்கிழமை வந்தது. பாஸ்போர்ட், ஏசி குளிருக்கு ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில். கார்டு லாக்கரில். மொத்தம் 62 பேர், பரிசு ஏழு பேருக்கு. சத்தம்தான் முதலில் தாக்கியது. நூற்றுக்கணக்கான சிப்புகளை எல்லோரும் ஒரே நேரத்தில் விரலில் உருட்டும் அந்தச் சத்தம், தகரக் கூரையில் மழை பெய்வது போல. எந்தச் செயலியிலும் இதைக் கேட்டதில்லை.

நாலாவது ஆட்டம். ஓரத்தைத் தூக்கினேன். ராணி. இன்னொரு ராணி. முழங்கையை ஊன்றினேன், சுவாசம் விட்டேன், 500 சிப் ஒன்றை எடுத்து அழகாக முன்னால் வைத்தேன்.

"கால்" என்றார் டீலர். மூன்று நூறு சிப்புகள் என் பக்கம் திரும்பி வந்தன.

ஐந்து வியாழக்கிழமை! ராணி ஜோடியை 200-க்கு மலிவாகக் காட்டிவிட்டேன், பின்னால் நான்கு பேர் சாவகாசமாக உள்ளே வந்தார்கள். மேசையில் ஆஸ் விழுந்தது. ஒருவர் பந்தயம் கட்ட, இன்னொருவர் ஏற்ற, நான் கீழே போட்டேன். சொல்லிவிட்டு வைத்திருந்தால் என் சிப் இன்னும் நிறையப் போயிருக்கும்.

அதற்குப் பிறகு வாய் திறந்தது. இரண்டு மணி நேரத்தில் எத்தனையோ தடவை "ரெய்ஸ்" என்றேன். குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. மூன்றாவது மணியில், பதினோரு பெரிய பிளைண்டுக்கான சிப்தான் மிச்சம் என்ற நிலையில், இரண்டு பத்துகள் ஜோடியாக வந்தன. "ஆல்-இன்" என்றேன், மிச்சமிருந்த எல்லாவற்றையும் வைத்து. எதிரே ஆஸும் ராஜாவும். நூற்றுக்கு 55-க்கு மேல் என் பக்கம். கடைசிச் சீட்டில் ராஜா விழுந்தது. மேசையை ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்தேன். 24-வது இடம். மறுபடி கட்டி ஆடும் நேரம் இன்னும் முடிந்திருக்கவில்லை. ரூமுக்குப் போய்க் கார்டை எடுத்துவரப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம்தான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்; நடுவழியில் பசித்துவிட்டது.

அடுத்த வியாழன் டீலரம்மா கேட்ட முதல் கேள்வி, வாயைத் திறந்தாயா என்பதுதான். ராணிக் கதையைச் சொன்னேன். ஆஸ் விழுந்த பகுதியைச் சொல்லவில்லை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சீட்டைக் கலைத்து, சிப்புகளை என் பக்கம் தள்ளினார்.

"சீட்டைப் பார்க்காதே. 800."

"ரெய்ஸ், எண்ணூறு" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீட்டிங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.