இண்டோல் குப்பி

சத்தியமங்கலம் பக்கத்தில், மல்லிகையிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலை ஒன்றின் தர ஆய்வகத்தில் நான் சேர்ந்த முதல் வாரம் அது. மல்லிகை மணத்தில் இயல்பாகவே கலந்திருக்கும் வேதிப்பொருளான இண்டோலின் பெயர் எழுதியிருந்த குப்பியைத் திறந்து முகர்ந்த நான், "இது கெட்டுப்போய்விட்டது, ஐயா" என்று மேலாளரிடம் ஓடினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதில் ஒரு துணுக்கை ஆல்கஹாலில் கரைத்து, மேலும் மேலும் ஆல்கஹால் சேர்த்து, காகிதப் பட்டை ஒன்றைத் தோய்த்து நீட்டினார். கழிவறையையும் பாச்சை உருண்டையையும் நினைவூட்டிய அதே பொருளில் இப்போது பூவின் சாயல் இருந்தது.

மல்லிகைக்கென்று மூக்கில் தனி ஏற்பி, அதாவது மண மூலக்கூறு வந்து பொருந்தும் புரதம், கிடையாது என்பதை அதன் பிறகுதான் படித்தறிந்தேன். மூக்கின் உச்சியில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பே உள்ள சவ்வில், பல லட்சம் நரம்புச் செல்கள் இருக்கின்றன. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை முகர்வு ஏற்பிகள் உண்டு. ஆனால் ஒரு செல் பொதுவாக ஒரே வகையைத்தான் தாங்குகிறது. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். சளிப்படலத்தில் கரைந்த மூலக்கூறு ஏற்பியில் பொருந்தியதும் செல்லுக்குள் வேதித் தூதுகள் பெருகி, மின்னூட்டத் துகள்களை உள்ளே விடும் அயனி வாயில்கள் திறந்து, மணச் செய்தியை முதலில் வாங்கும் மூளைப் பகுதியான முகர்குமிழுக்கு மின்துடிப்பு செல்கிறது. ஒரு மணம் பல ஏற்பிகளைத் தூண்டும், ஓர் ஏற்பி பல மணங்களுக்கு இசையும். ஆகவே எந்தெந்தப் புள்ளிகள் சேர்ந்தன என்பதைக் கொண்டே மூளை கோலத்தை அடையாளம் காண்கிறது. இண்டோல் மிகும்போது, முன்பு அசையாதிருந்த ஏற்பிகளும் சேர்ந்துகொள்ள, கோலமே மாறிவிடுகிறது.

என்னை அதிகம் ஏமாற்றியது குப்பியல்ல, என் மூக்கேதான். பூக்குவியலின் நடுவே அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்து, நல்ல சாறு ஒன்றை மணம் குறைந்தது என்று ஒருமுறை தள்ளிவிட்டேன். திறந்த வாயில்கள் வழியே செல்லுக்குள் நுழையும் கால்சியமே அந்த வாயில்களின் கூருணர்வைத் தணித்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் முகர்ந்தபோது அந்தச் சாற்றில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து மூன்று பட்டைகளுக்கு ஒருமுறை வெளியே வந்து, வேப்பமரத்தடியில் சற்று நின்றுவிட்டே திரும்புகிறேன்.

இப்போதும் என் சட்டையில் ஏறியிருக்கும் மல்லிகை எனக்குத் தெரிவதில்லை. மாலைப் பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர், கல்யாண வீட்டிலிருந்து வருகிறீர்களா என்று கேட்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது.