மார்கழில வெச்ச ஓவர்க்ளாக்

கல்யாண வீடியோ எடிட் பண்றவங்களுக்கு மார்கழின்னா ஒரு மாசம் லீவு மாதிரிங்க, முகூர்த்தமே இல்ல, தை பொறந்தாத்தான் போன் அடிக்க ஆரம்பிக்கும். அந்த மாசத்துலதான் கம்ப்யூட்டரக் கழட்டி மாட்டுறது, செட்டிங் மாத்திப் பாக்குறது எல்லாம் வெச்சுக்குவேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால அப்படித்தான் ஒரு மார்கழி, வெடியால அஞ்சு மணிக்கு உக்காந்து என்ற ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசசர் சிப்ப ஓவர்க்ளாக் பண்ணேன், அதாவது கம்பெனி வெச்ச வேகத்துக்கு மேல ஓட்டறது. அதுல இருக்கற எட்டு கோரும் (கணக்குப் போடற பகுதி) 4.6 கிகாஹெர்ட்ஸ்ல ஓடற மாதிரி செட் பண்ணி, 1.325 வோல்ட் குடுத்து, சிப்ப முழுசா வேலை வாங்கற சினிபெஞ்ச் டெஸ்ட்ட அரை மணி நேரம் ஓட உட்டேன். ரூம் 22 டிகிரி, சிப் 78 டிகிரி. ஒரு தடவகூட தொங்கல. சரி, நிக்குதுன்னு முடிவு பண்ணி மூடி வெச்சுட்டேன்.

சித்திரைக் கடைசில அவிநாசிப் பக்கம் ஒரு பெரிய கல்யாணம், மூணு கேமரா, எல்லாம் 4கே, பொண்ணும் மாப்பிள்ளையும் வெளிநாடு கெளம்பறதுக்குள்ள பென்டிரைவ் கைக்கு வந்தாகோணும்னு சொல்லிட்டாங்க. மதியம் ரெண்டு மணிக்கு எக்ஸ்போர்ட் (எடிட் பண்ணத முழு வீடியோவா மாத்தறது) போட்டேன், 70 பர்சென்ட்ல மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆச்சு. மறுபடி போட்டேன், இந்தத் தடவ 40லயே போச்சு. செவுத்துல தொங்கற தெர்மாமீட்டரப் பாத்தா 38. மூணாவது தடவ சிப்போட சூடு காட்டற ஹெச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேரத் தொறந்து வெச்சுட்டுப் பாத்தேன், சிப் 94ல நிக்குது. ஏஎம்டி இந்த சிப்புக்குக் குடுத்திருக்கற லிமிட்டே 90 டிகிரி.

அப்பத்தான் உக்காந்து கணக்குப் போட்டேன். மார்கழில ரூம் 22, சிப் 78, வித்தியாசம் 56. இப்ப ரூம் 38, அதோட 56 கூட்டுனா 94. ஒரு டிகிரி பிசகாம அப்படியே வந்து நிக்குது. கூலர் அன்னைக்கு செஞ்ச அதே வேலையத்தான் இன்னைக்கும் செஞ்சிருக்கு, அது மேல ஒரு தப்பும் இல்ல. ஏர் கூலர் ஆனாலும் வாட்டர் கூலர் ஆனாலும் சிப்புல இருக்கற சூட்ட எடுத்து ரூம் காத்துல கொண்டுபோய் உடறதுதான் அதோட வேலை, ரூம் சூட்டுக்குக் கீழ சிப்ப எறக்க அதுனால முடியவே முடியாது. அதனால யாராவது வீடியோல "என் மெஷின் 65 டிகிரிதான்"னு சொன்னா மொதல்ல அவங்க ரூம் எத்தன டிகிரின்னு பாருங்க. ஏசி போட்ட 21 டிகிரி ரூம்ல எடுத்த நம்பர வெச்சு ஈரோட்லயும் கரூர்லயும் சித்திரை மாசம் 40 தாண்டற ஊருக்கு கூலர் வாங்கவே கூடாதுங்க. வித்தியாசம் எத்தனன்னு மட்டும் பாருங்க, அது எந்த ஊருக்கும் பொருந்தும்.

எங்கம்மா பதினஞ்சு வருசம் பனியன் கம்பெனில துணி ஓரம் தைக்கற ஓவர்லாக் மெஷின்ல இருந்தவங்க. ஓவர்க்ளாக்னு நான் சொன்னது அவங்க காதுக்கு ஓவர்லாக்னே விழுந்துருச்சு, "ஏஞ்சாமி, ஸ்பீடு எச்சு வெச்சா ஊசி காஞ்சு பாலியஸ்டர் நூலு அந்து போகுமே, அதுக்கு ஊசிக்குக் காத்து அடிக்கோணும்"னு சொன்னாங்க. எனக்கு ஒரு நிமிசம் பேச்சே வரல. நான் மூணு நாளா மண்டையப் போட்டு ஒடச்சுட்டு இருந்த விசயம் அதுதான், வேகத்த ஏத்துனா சூடு, சூட்ட வெளிய தள்ள வழியில்லாட்டி வேலை பாதில அந்துரும்.

ஆனா சிப்புல இன்னொண்ணு இருக்கு, சூட்ட ஏத்தறதுல வேகத்தவிட பெரிய ஆளு வோல்டேஜுங்க. சிப் இழுக்கற பவர், அதாவது வாட், வேகத்தோட நேரா ஏறும், ஆனா வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும். என்ற சிப் ஓவர்க்ளாக் இல்லாம சுமார் 1.2 வோல்ட்ல 4.45 கிகாஹெர்ட்ஸ் ஓடிட்டு இருந்துச்சு. நான் அத 1.325க்கு ஏத்தி 4.6 ஆக்குனேன். வேகம் 3 பர்சென்ட் சொச்சம்தான் ஏறுச்சு, பவர் கணக்குப் போட்டா 26 பர்சென்ட் ஏறுது. அதுக்கு மேல சிப் சூடாக சூடாக சும்மா கசியற கரண்டும் கூடும், அதுவும் சூடாத்தான் மாறும். ஒரு மணி நேர எக்ஸ்போர்ட்டுல ரெண்டு நிமிசம் மிச்சம் பண்றதுக்கு நான் இத்தனையும் குடுத்திருக்கேன்.

உடனே பெரிய கூலர் வாங்கிரலாம்னு தோணும், எனக்கும் தோணுச்சு. வெலை கேட்டு வெச்சேன்கூட. அப்பறம் படிச்சுப் பாத்தப்பத்தான் புரிஞ்சுது, இந்த சிப்புல எட்டு கோரும் ஒட்டுக்கா ஒரே ஒரு சின்ன சில்லுல இருக்கு, அது பரப்பு சுமார் 80 சதுர மில்லிமீட்டர், சுண்டு விரல் நகம் அளவுதான். அதுவழியா நூத்திச் சொச்சம் வாட் வெளிய வரோணும். சூடு மாட்டிக்கற எடம் அந்த வாசல்தான், அதுக்கப்பறம் இருக்கற ரோடு எத்தன அகலமா இருந்தாலும் ஓரளவுக்கு மேல பிரயோசனம் இல்ல. நாலு ஹீட்பைப் (சூட்டக் கடத்தற கொழா) இருக்கற கூலர்ல இருந்து ஆறு ஹீட்பைப்புக்குப் போனா கொஞ்சம் கொறையும், இல்லைங்கல. ஆனா நான் கடைசியா செஞ்சது அது இல்ல.

4.6அ எடுத்து உட்டுட்டேன். பயாஸ்ல, அதாவது விண்டோஸ் தொடங்கறதுக்கு முன்னால வர்ற செட்டிங்ல, பிபிஓங்கற ஏஎம்டியோட பவர் மெனுவுக்குப் போயி, பவர் லிமிட் 142 வாட் இருந்தத 115 வாட்டுக்கு எறக்கி, கர்வ் ஆப்டிமைசர்ல நல்லா ஓடற ரெண்டு கோருக்கு மைனஸ் 10, மத்ததுக்கெல்லாம் மைனஸ் 20 வெச்சேன். அதே வேகத்துக்கு சிப் கேக்கற வோல்டேஜ கொஞ்சங் கொஞ்சமா கொறைக்கற வேலைதான் அது. இதுவும் ஓவர்க்ளாக் மாதிரியே பொறுமையா டெஸ்ட் பண்ணோணும், எச்சாப் போயிட்டா சும்மா இருக்கும்போதுகூட மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். இப்ப எல்லா கோரும் 4.45 பக்கம் ஓடுது, ரூம் 37 இருந்தாலும் சிப் 83 தாண்டறதில்ல.

டெஸ்ட் எப்ப பண்றதுங்கறதுதான் என்னப் பொறுத்த வரைக்கும் முக்கியமான விசயம். வெடியால குளுகுளுன்னு இருக்கறப்ப பாஸ் ஆகறதெல்லாம் பாஸே இல்லைங்க. சித்திரை மாசம், மதியம் ரெண்டு மணி, கதவு சாத்தி, நீங்க நெசமா செய்யற வேலையவே முக்கா மணி நேரம் ஓட உடுங்க. அதுல நின்னா வருசம் பூரா சூட்டால படுக்காது.

அப்பறம் பஞ்சு. இத வெளியூர்க்காரங்க எழுதவே மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு இந்தப் பிரச்சினையே கெடையாது. எங்க ஊட்டுக்குப் பக்கத்துல துணி வெட்டற ஒரு கட்டிங் செக்‌ஷன், ஜன்னல்ல கை வெச்சாலே பஞ்சுப் பிசிறு ஒட்டும். சோமனூர், பல்லடம்னு தறி ஓடற ஊர்லயும் இதே கதைதான். சாதாரண தூசி கூலர்ல இருக்கற ஃபின்னு (மெல்லிசு தகடு) மேல படியும், தொடச்சா போயிரும். பஞ்சு அப்படி இல்ல, ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல ஒண்ணோட ஒண்ணு பின்னி மெத்தை மாதிரி ஒக்காந்துக்கும், வெளிய இருந்து பாத்தா ஃபேன் சுத்தும், ஆனா காத்து உள்ள போகாது. போன தடவ ஃபேனக் கழட்டிப் பாத்தப்ப ஒரு முழு துண்டா உரிஞ்சு வந்துச்சு, எடுத்துட்டு மாட்டுனா 9 டிகிரி கொறஞ்சுது. புதுக் கூலர் வாங்கியிருந்தாக்கூட அத்தன கொறஞ்சிருக்காது. எங்கூர்ல மாசம் ஒருக்கா தொறந்து பாத்தாகோணுங்க. கம்பெனில மெஷினுக்கு அடிக்கற கம்ப்ரசர் காத்த நேரா அடிக்கறவங்க இருக்காங்க, டேங்க்ல நின்ன தண்ணியும் சேந்து வரும், ஜாக்கிரதை, தண்ணிய வடிச்சு உட்டுட்டு தூரத்துல இருந்து அடிங்க. அடிக்கறப்ப ஃபேன் எறக்கைய வெரல்ல புடிச்சுக்கோங்க, இல்லாட்டி கட்டுக்கடங்காம சுத்தி பேரிங் போயிரும்.

சைடு கதவக் கழட்டிட்டு டேபிள் ஃபேன் வெக்கறது பத்தி நெறையப் பேரு கேக்கறாங்க. சூடு கொறையும், உண்மைதான். ஆனா நம்மூர்ல ஒரே மாசத்துல கிராஃபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை எல்லாத்துலயும் பஞ்சு போயிரும். நான் கதவ மூடி வெச்சு, முன்னால மூணு ஃபேன் உள்ள இழுக்க, பின்னால ஒண்ணு வெளிய தள்ள வெச்சிருக்கேன். உள்ள வர்ற காத்து எச்சா இருந்தா சந்து பொந்து வழியா பஞ்சு ஏறாது, வர்றது எல்லாம் முன்னால இருக்கற வலை வழியாத்தான் வரும், அந்த வலைய வாரம் ஒருக்கா பிரஷ்ல தேச்சாப் போதும்.

கஸ்டம் வாட்டர் லூப், அதாவது கொழாய்ல தண்ணி ஓட்டி சிப்பக் குளுத்தற செட்டப், கட்டுன ஒரு தம்பி சிறுவாணித் தண்ணி ஊத்தலாமாண்ணான்னு கேட்டான். குடிக்க அத அடிச்சுக்க முடியாது, ஆனா லூப்புக்கு வேண்டாங்க கண்ணு, டிஸ்டில்டு வாட்டரும் அதுக்குன்னு இருக்கற மருந்தும்தான். எங்க பக்கத்து போர் தண்ணியெல்லாம் நெனைக்கவே வேண்டாம், உப்பு படிஞ்சு அடச்சுக்கும்.

கடைசியா ரூம். சிப்பும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டும் சேந்து எக்ஸ்போர்ட்டுல முந்நூறு வாட் பக்கம் இழுக்குது, அது பூராவும் சூடா ரூமுக்குள்ளதான் கெடக்கு. மேல கான்கிரீட், மேக்கால செவுத்துல மதியத்துக்கு மேல பூரா வெயிலு, சாத்துன ரூம்ல ஒரு மணி நேரத்துல மூணு டிகிரி ஏறறத நானே பாத்திருக்கேன், ரூம் மூணு ஏறுனா சிப்பும் மூணு ஏறும். ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற காத்து வந்துட்டா இந்தக் கவலையே இல்ல, மேக்கு ஜன்னலத் தொறந்து உட்டா போதும். சித்திரைலதான் எல அசையாது.

அப்பாகிட்ட சொன்னேன். தோட்டத்துல மோட்டார் ரூம் கட்டுனப்ப மேக்கால கீழயும் கெழக்கால மேலயும் ஓட்டை உட்டவரு அவரு, காயில் ரெண்டு தடவ எரிஞ்சதுக்கு அப்பறம். வந்து ரூம ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு, கம்ப்யூட்டர் பின்பக்கம் கை வெச்சுப் பாத்தாரு, "இதென்றா சாமி, இத்தன அனலு"ன்னாரு. ஸ்டூல் மேல ஏறி கெழக்குச் செவுத்துல கூரைக்கு ஒரு அடி கீழ கரித்துண்டுல ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்காரு. திங்கக்கெழம கொத்தனார் வர்றாரு, பன்னெண்டு இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கியாச்சு, வைகாசி மொத முகூர்த்தத்துக்கு முன்னால மாட்டிரோணும்.