கெய்ர்ன்கார்ம் மேட்டில் ஓர் அழிப்பானும் நானும்

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைகளிலிருந்து முந்தாநாள்தான் திரும்பினேன். போகும் வழி, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் கடைசி நாள் மாலை பனிச்சறுக்கு மையத்திலிருந்து அவிமோர் ஊருக்குச் செல்லும் பேருந்து வராமலே போனதும், கால் மணி நேரப் பயணத்துக்கு ஒரு டாக்சி ஓட்டுநர் 45 பவுண்டு கறந்துகொண்டதும் இன்னும் மனத்தில் ஆறவில்லை. என் நான்கு நாள் சாப்பாட்டுச் செலவே அவ்வளவுதான். நடந்திருந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்பது அவருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தப் பட்டியலை விட்டுவிட்டு, பயணத்தின் கதைக்கே வருகிறேன். பனியுகம் விட்டுச் சென்ற நிலவடிவங்களை வரைபடத்தில் குறிப்பதே பயணத்தின் நோக்கம். புறப்படுவதற்கு முன் உயரத் தரவைக் கொண்டு, ஒரு பக்கமிருந்து ஒளி விழுந்தால் மேடுபள்ளங்கள் எப்படி நிழலிடும் என்று காட்டும் நிழல்படத்தைக் கணினியில் உருவாக்கி, அதன்மேல் மொரைன் மேடுகள் (பனியாறு சுமந்துவந்து குவித்த கல்மண்), உருகுநீர்க் கால்வாய்கள் என 60 கோடுகள் வரைந்து அச்சிட்டு எடுத்துச் சென்றிருந்தேன். முதல் நாளிலேயே அவற்றுள் பல பொய்த்துப் போயின. மொரைன் என்று நான் நம்பிய ஒன்று கரிமண் சரிவின் விளிம்பாக இருந்தது. மற்றொன்று பழைய வண்டித்தடம்.

கோரி அன் ட்ரெக்டா என்ற வடக்குக் குடைவில்தான், அதாவது பனி கிண்ணம்போல் தோண்டிய மலைப்பள்ளத்தில்தான், மனம் நிறைந்தது. (எழுத்தில் உள்ள ‘ச’ வாயில் வராத, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பெயர், பனியின் குடைவு என்று பொருள்.) சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த கடைசிக் கடுங்குளிரில் இங்கே சிறு பனியாறு ஒன்று இருந்தது. அது விட்டுப்போன பாறைக்குவியல்களின் முகட்டில், ஒவ்வொரு கல்லும் ஆடுகிறதா என்று காலால் சோதித்தபடி, கையில் ஜிபிஎஸ் கருவியுடன் நடந்தேன். என் அச்சுப் படத்தில் இல்லாத ஒரு மேடும் அங்கே கிடந்தது. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டிருந்த அதை எப்படித் தவறவிட்டேன் என்று அப்போது விளங்கவில்லை.

சலமைன் கேப் வேறு வகை. பனிக்கட்டி உருகிய நீர் ஒரு மலைமுகட்டையே அறுத்து உண்டாக்கிய ஆழமான வெட்டு அது. இன்று அதில் ஓடை இல்லை, பாறைகள் மட்டுமே நிரம்பிக் கிடக்கின்றன. பனிக்கு அடியில் அழுத்தத்தால் தள்ளப்படும் நீர் மேடேறியும் ஓடும் என்பதால், இத்தகைய கால்வாய்களை இன்றைய சரிவை வைத்துத் தேடுவது வீண். அந்தக் கற்களின்மேல் தாவித் தாவி முழங்கால் போயிற்று.

மேலே ஏறியபோதுதான் என் திட்டம் முழுவதும் கவிழ்ந்தது. 1,309 மீட்டர் உயரமுள்ள பென் மக்டூயியைச் சுற்றிய மேட்டுநிலத்தைப் பனி சுரண்டித் தள்ளியிருக்கும் என்று எண்ணியிருந்தேன். அங்கே இருந்ததோ உளுத்துப்போன கிரானைட் சரளையும், ஆங்காங்கே டோர் எனப்படும் அடுக்குப் பாறைகளும்தான். மேட்டின் மீதிருந்த மெல்லிய பனி தரையோடு உறைந்து ஒட்டி நகராமல் கிடக்க, பள்ளத்தாக்குகளில் திரண்ட தடித்த பனி அடியில் உருகி வழுக்கிச் சென்று, ஏவன் ஏரி கிடக்கும் பள்ளத்தைப் போன்றவற்றைத் தோண்டியது. புவியியலாளர் டேவிட் சக்டன் 1968ஆம் ஆண்டிலேயே இந்த மலைகளை வைத்து இதை விளக்கியிருக்கிறார். படித்திருந்தும் நம்பாமல் ஏறியது என் பிடிவாதம். காற்று வேறு வரைபட உறையைக் கிழித்தது. இதே மலைத்தொடரின் கெய்ர்ன்கார்ம் சிகரத்தில் 1986 மார்ச்சில் மணிக்குச் சுமார் 278 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது என்பதால், உறை போனதோடு தப்பித்தேன் என்றே கொள்ள வேண்டும்.

இரவைக் கோரி எட்சகனில் உள்ள ஹட்சிசன் குடிலில் கழித்தேன். காசு கேட்காத கூரை; சூடான பருப்புச் சூப்பு அவ்வளவு ருசிக்கும் என்று அதற்குமுன் தெரியாது. குளிரில் விரல் விறைக்க, மேட்டுநிலத்தில் வரைந்திருந்த கோடுகள் அனைத்தையும் அங்கேயே அழித்தேன். படத்தின் நடுவில் பெரிய வெண்மையும், டோர்களுக்கான ஏழு புள்ளிகளும் எஞ்சின.

அறுபதில் 26 கோடுகள் தேறின. விட்டுப்போன அந்த மேட்டுக்கும் விடை கிடைத்தது: நிழல்படத்துக்கு வடமேற்கிலிருந்து மட்டுமே ஒளி கொடுத்திருந்ததால், அதே திசையில் ஓடும் மேட்டுக்கு நிழலே விழவில்லை. நேற்றிரவு ஒளியை வடகிழக்குக்கு மாற்றினேன். மேடு பளிச்சென்று தெரிந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்றும்.