ஆம்ப்பில் மிச்சம் பிடியுங்கள், ஸ்பீக்கரில் வேண்டாம்

கடைக்காரர் 2.1 சிஸ்டம் (இரண்டு ஸ்பீக்கர், பாஸுக்கு ஒரு சப் ஊஃபர்) ஒன்றைக் காட்டி "10,000 வாட்ஸ் சார்" என்றால், வாங்குவதற்கு முன்பு பெட்டியைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 'பவர் கன்சம்ப்ஷன் 40 வாட்ஸ்' என்பது போல ஏதாவது எழுதியிருக்கும். சுவர் பிளக்கிலிருந்து 40 வாட்ஸ் இழுக்கிற பெட்டியால் ஸ்பீக்கருக்கு 10,000 வாட்ஸ் எப்படித் தர முடியும்? ஏபி கிளாஸ் என்ற வழக்கமான வகை ஆம்ப்ளிஃபையர் என்றால் இழுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஸ்பீக்கருக்குப் போகும், மீதி ஹீட் சிங்க்கைச் சூடாக்கிவிட்டுப் போய்விடும். அந்த 10,000 பிஎம்பிஓ என்ற விளம்பர எண், அதை அப்படியே மறந்துவிடுங்கள். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) எத்தனை, எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு என்று மட்டும் கேளுங்கள். (ஏவி ரிசீவர் எனும் பெரிய ஹோம் தியேட்டர் ஆம்ப்களில் பின்பக்க எண் முழுச் சத்தத்தில் அளந்ததாக இருக்காது. இந்தச் சோதனை மலிவு பெட்டிகளுக்கு மட்டும்தான்.)

வீட்டு ஹாலுக்கு எவ்வளவு வாட்ஸ் வேண்டும்? ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 87 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 87 டெசிபல் வரும். 3 மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் ஒன்பது, பத்து டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து, சுவரில் பட்டு வருவதும் சேர்ந்தால் 80க்கு மேல் நிற்கும். ஒரே ஒரு வாட்டில் இது. அடுக்குமாடியில் 80 டெசிபல் என்றாலே பக்கத்து வீட்டுக்காரர் யோசிக்க ஆரம்பிப்பார். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் காதில் தெரியும் வித்தியாசம் சொற்பம். நேர்மையான 20 வாட்ஸ் ஆர்எம்எஸ் இருந்தால் 12 அடி ஹாலுக்குத் தாராளம். 84 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் அதே சத்தத்துக்கு 87 டெசிபல் ஸ்பீக்கரைவிட இரண்டு மடங்கு பவர் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அதனால்தான் ஆம்ப்பில் மிச்சம் பிடிக்கலாம் என்கிறேன். டிபிஏ 3116 சிப் வைத்த கையடக்க டி கிளாஸ் (குறைவாகச் சூடாகும் வகை) ஆம்ப்கள் மலிவாகக் கிடைக்கின்றன, நன்றாகவே பாடுகின்றன. அவற்றில் ஏமாறுவது அடாப்டரில்தான். பெட்டி மேல் 50+50 என்று போட்டிருப்பார்கள். அந்த எண் 21 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு வருவது. கூட வரும் அடாப்டர் 12 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் மொத்தமே 24 வாட்ஸ், அதில் இரண்டு பக்கமும் பங்கு போட வேண்டும். 24 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் தனியாக வாங்கிப் போட்டால் அதே பெட்டி வேறு ஆளாகிவிடும். 26 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிற அசெம்பிள்ட் ஆம்ப்களைக் கேவலமாகப் பேசும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்டு, செப்புச் சுற்றுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் செய்தது என்றால் பத்து வருடம் அசராமல் ஓடும். கெட்டுப்போனாலும் உங்கள் ஊரிலேயே சரிசெய்ய ஆள் இருப்பார். காசு மிச்சம் பிடிக்க அலுமினியச் சுற்று டிரான்ஸ்ஃபார்மர் போட்டதுதான் வம்பு. சூடு ஏறும், பாஸ் அடிக்கும்போது வோல்ட்டேஜ் இறங்கும், சத்தம் பிசிறும். ஒரே அளவில் இரண்டு பெட்டி இருந்தால் தூக்கிப் பாருங்கள். கனமானதை எடுங்கள்.

மலிவு 2.1 பெட்டிகள் ஏன் சீக்கிரம் சாகின்றன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே பெரும்பாலும் டிடிஏ 2030 ஆம்ப் சிப், 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 12 வோல்ட் தருவது). 12 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் 16, 17 வோல்ட் வரும். அந்தச் சிப் தாங்கும் உச்சம் 18. இரவில் லைனில் 230க்குப் பதில் 250 வந்துவிட்டால், பாட்டே ஓடாமல் சும்மா ஆன் ஆகி இருக்கும்போது 18ஐத் தாண்டிவிடும். மறுநாள் காலையில் ஒரு பக்கம் ஊமை, அல்லது ஆன் செய்ததும் 'டங்' என்று அடித்து ஹம் ('ம்ம்' என்ற இரைச்சல்). மெக்கானிக்கிடம் போனால் அதே 2030 வேண்டாம், 2050 போடச் சொல்லுங்கள். கால்கள் அதே வரிசை, 25 வோல்ட் வரை தாங்கும். ஹீட் சிங்க் பேஸ்ட்டும் மைக்கா தாளும் மறக்காமல் போட வேண்டும். ஃபில்டர் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் 105 டிகிரி ரகமாகப் பார்த்து மாற்றுங்கள். 85 டிகிரி ரகம் ஹீட் சிங்க் பக்கத்திலேயே இருந்தால் சீக்கிரம் காய்ந்துபோகும்.

இனி ஸ்பீக்கர். காசைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான்.

மலிவு 5.1இல் ஐந்து குட்டிப் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் 3 அங்குல டிரைவர் (கோன் ஆடிச் சத்தம் எழுப்பும் பாகம்). அந்த அளவு கோனால் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பாஸை ஒழுங்காகப் பாட முடியாது. அதனால் அதற்குக் கீழே உள்ள அத்தனையையும் சப் ஊஃபரிடம் தள்ளிவிடுகிறார்கள். நல்ல சிஸ்டத்தில் சப் 80 ஹெர்ட்ஸ் வாக்கில் பொறுப்பேற்கும். அவ்வளவு கீழே போனால் சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது. 150க்கு மேல் போனால் கண்டுபிடித்துவிடும். ஆண் குரலின் அடிநாதம் 85இலிருந்து 180 ஹெர்ட்ஸ் வரை. ஆகவே செய்தி வாசிப்பவரின் வாய் டிவியில் இருக்கும், நெஞ்சு மேசைக்கடியில் சப்பில் இருக்கும். மிருதங்கம் கேட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். வலந்தலைச் சாப்பு (வலப்பக்க அடி) குட்டிப் பெட்டியில் 'டிக்' என்று விழும், தொப்பியின் கும்கி (இடப்பக்க முழக்கம்) எங்கோ மூலையில் பானையைத் தட்டியது போல உருளும். இரண்டும் ஒரே வாத்தியம் என்று நம்பவே முடியாது.

அதே காசுக்கு இரண்டே இரண்டு நல்ல புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் (மேசையிலோ ஸ்டாண்டிலோ வைக்கும் சிறிய ரகம்) வாங்கினால், 4 அல்லது 5 அங்குல ஊஃபர் (கீழ்ச்சுரம் பாடும் டிரைவர்) 60, 70 ஹெர்ட்ஸ் வரை தானே இறங்கும். மிருதங்கம் ஓரிடத்தில் உட்காரும். ஆம்ப் உள்ளேயே வரும் வகை வேண்டுமானால் எடிஃபையர் ஆர் 1280 டி போன்றவை இருக்கின்றன: 4 அங்குல ஊஃபர், பட்டு டோம் ட்வீட்டர் (மேல்சுரம் பாடும் குட்டி டிரைவர்), பக்கத்துக்கு 21 வாட்ஸ் என்று அடக்கமாகச் சொல்லி விற்கிறார்கள். சப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் இரண்டு ஸ்பீக்கரைச் சரியாக வாங்கியவர்கள் பலர் சப்பே வாங்குவதில்லை.

விலை எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க ஸ்பீக்கரின் பின்பக்க டெர்மினல் தட்டைக் கழற்றிப் பாருங்கள் (கடையில் விடமாட்டார்கள், பழைய சரக்கு வாங்கும்போது செய்யலாம்). மலிவு ரகத்தில் ட்வீட்டருக்கு ஒரு கெப்பாசிட்டர் மட்டும் தொங்கும், பெரும்பாலும் 2.2 அல்லது 4.7 மைக்ரோஃபாரட். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 போட்டால் சுமார் 4,200 ஹெர்ட்ஸில் பிரியும். 2.2 என்றால் 9,000இல். அதுவரை ஊஃபர் ஒன்றே இழுத்துக்கொண்டு போக வேண்டும், அது முடியாமல் குரலின் 'ச', 'ஸ' எல்லாம் மூக்கடைத்தது போலாகும். நல்ல பெட்டியில் காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் சேர்ந்து ஒரு போர்டு இருக்கும். சில பெட்டிகளில் ட்வீட்டர் என்று ஒட்டியிருப்பது வெறும் பிளாஸ்டிக் மூடி, வயரே போகாது. பாட்டு ஓடும்போது காதை அதன் அருகில் வைத்தால் ஒரே நொடியில் குட்டு வெளிப்பட்டுவிடும். பெட்டியின் பக்கவாட்டை விரல் மூட்டால் தட்டுங்கள். 15, 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) என்றால் 'டொக்' என்று அடங்கும், மெல்லிய பலகை 'டம்ம்' என்று நீளும். அந்த 'டம்ம்' எல்லாப் பாட்டிலும் கூடவே வரும்.

எவ்வளவு செலவு செய்தாலும் அறை கெடுக்கும், அதிலும் நம் வீடுகள். கான்கிரீட் சுவர், வழவழ டைல்ஸ் தரை, வெறும் கூரை. ஹாலின் நடுவில் நின்று கை தட்டுங்கள், 'டிர்ர்' என்று வால் நீண்டால் எந்த ஸ்பீக்கரும் அங்கே தெளிவாகப் பேசாது. கனமான திரைச்சீலை, தரையில் 5க்கு 7 அடி கம்பளம், துணி சோபா மூன்றும் இருந்தால் பாதி நோய் போய்விடும். 10க்கு 10 அறையில், கூரையும் 10 அடி என்றால், மூன்று திசையிலும் அறை தானாகத் தூக்கிவிடும் சுரம் ஒரே 56 ஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து, ஒரே சுரத்தில் பாஸ் 'தொம் தொம்' என்று வீங்கும். 12 அடி நீளம் இருந்தால் அந்தத் திசை 47 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும், கொஞ்சம் தேவலை. அப்படிப்பட்ட அறைக்குப் பெரிய சப் வாங்குவது எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். சோபாவைச் சுவரிலிருந்து ஓரிரண்டு அடி முன்னே இழுத்துப் பாருங்கள், காசில்லாமல் வித்தியாசம் தெரியும்.

ஸ்பீக்கரை டிவி யூனிட்டின் பொந்துக்குள் செருகாதீர்கள். பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டி என்றால் சுவருக்கும் அதற்கும் ஓர் அடியாவது வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் அந்த ஓட்டையில் ஒரு சாக்ஸைச் சுருட்டி வைத்தால் வீக்கம் வடியும். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில், இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக, 6லிருந்து 8 அடி.

வயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் இழை வயர் போதும். 10 மீட்டர் ஓட்டத்தில் போக வர 0.23 ஓம்தான் தடை, 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கேபிள்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். இணைக்கும்போது ஒரு பக்கம் சிவப்பு, கறுப்பு மாறிவிட்டால் பாஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காமல் அலையும். 'புது ஸ்பீக்கரில் பாஸே இல்லை' என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்களில் கணிசமானோருக்கு வியாதி இதுதான்.

டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஒரு சின்ன டாக் (டிஜிட்டலைச் சாதாரண ஆடியோவாக்கும் பெட்டி) வழியாக ஆம்ப்புக்கு எடுத்தால், டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்டைப் பிசிஎம் (சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். டால்பி என்று விட்டால் பேசாது, இல்லையென்றால் கரகரவென்று கத்தும். சவுண்ட்பார் வாங்கி எச்டிஎம்ஐயில் செருகியும் சத்தம் வரவில்லையா? ஏஆர்சி (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் வழி) என்று எழுதிய போர்ட்டில்தான் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள், பிறகு சிஇசி (எச்டிஎம்ஐ வழியே ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று. சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க்.

ஹம் வந்தால் உடனே ஆம்ப்பைக் குறை சொல்லாதீர்கள். செட்டாப் பாக்ஸில் வரும் கேபிள் வயரைக் கழற்றுங்கள். ஹம் நின்றால் கிரவுண்ட் லூப் (எர்த் இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றி வருவது). எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் தீரும். எர்த் பின்னை வெட்டிவிட்டு ஓட்டுவது ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். எல்லா வயரையும் கழற்றிய பிறகும் ஹம் அப்படியே இருந்தால் உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டர் போய்விட்டது.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது உங்களுக்கு மனப்பாடமான மூன்றைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள்: ஓர் ஆண் பேச்சு, உச்சத்தில் பாடும் பெண் குரல், மிருதங்கமோ தவிலோ வரும் ஒன்று. பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு மாடலை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். ஒன்று ஓரிரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே அதுதான் நல்லது என்று காது தீர்ப்பு எழுதிவிடும், விற்பனையாளருக்கும் அது தெரியும். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை முழுக்கத் திருகி, ட்வீட்டரில் காது வைத்து 'உஸ்' எவ்வளவு என்று கேளுங்கள்.

25,000 ரூபாய் கையில் இருந்தால் ஸ்பீக்கருக்கு 17,000, ஆம்ப்பும் அடாப்டரும் 5,000, மீதி ஸ்டாண்டுக்கும் வயருக்கும் என்று பிரிப்பேன். 8,000தான் என்றால் புதிய 5.1 பக்கம் திரும்பாமல் பழைய புக்ஷெல்ஃப் ஜோடி தேடுங்கள். கடலோர ஊர்களில் பழையது வாங்கும்போது கோனைச் சுற்றியுள்ள விளிம்பை முதலில் பாருங்கள். ரப்பர் என்றால் நிம்மதி. ஃபோம் என்றால் விரல் நுனியால் லேசாக அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ இரண்டு ஸ்பீக்கருக்கும் ரீஃபோம் (விளிம்பு மாற்றும்) செலவைச் சேர்த்தே விலை பேச வேண்டும். பிறகு கோனின் இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக உள்ளே தள்ளுங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் வாங்கலாம். உள்ளே கரகரவென்று உரசினால் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) முட்டுகிறது, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.