மூழ்கின கப்பலைப் பாக்கணும்னா முதல்ல ஆழத்தைக் கேளுங்க

ஸ்கூபா டைவிங் கோர்ஸ் முடிச்சு கார்டு கையில வந்த உடனே நிறைய பேருக்கு வர்ற ஆசை, கடலுக்கடியில கிடக்கற ஒரு கப்பலைப் பாக்கணும்ங்கறதுதான். எங்க போகலாம்னு கேட்டா நாலு பேர் நாலு ஊர் சொல்லுவாங்க, எல்லாமே அருமையான இடங்கதான், ஆனா நான் ஊர் பேரைக் கேக்கறதுக்கு முன்னாடி அந்தக் கப்பலோட மேல்தளம் எத்தனை மீட்டர்ல இருக்கு, அடிமட்டம் எத்தனை மீட்டர்ல இருக்குன்னுதான் கேப்பேன். ஓபன் வாட்டர்ங்கற முதல் கோர்ஸ் முடிச்சவங்களுக்கு 18 மீட்டர், அடுத்த கோர்ஸான அட்வான்ஸ்டு முடிச்சவங்களுக்கு 30, டீப் கோர்ஸும் பண்ணிட்டா 40, அதோட பொழுதுபோக்கு டைவிங் முடிஞ்சுது. 30 மீட்டர்ல சாதாரண காத்தோட போனா டீகம்ப்ரஷன் இல்லாம, அதாவது மேல வர்றப்போ வழியில கட்டாயமா நின்னு நின்னு வர வேண்டியில்லாம, நிக்க கிடைக்கறது சுமார் 20 நிமிஷம்தான், அதுல இறங்கற நேரமும் சேத்தி. ஒரு பெரிய கப்பலை 20 நிமிஷத்துல என்னத்தைப் பாக்க முடியும்? அதனால நிறைய நேரம் கிடைக்கற கப்பல்தான் நல்ல கப்பல்ங்கறது என் கட்சி.

அந்தக் கணக்குல முதல் கப்பலுக்கு என் ஓட்டு பாலித்தீவோட துலாம்பென்ல இருக்கற லிபர்ட்டிக்குத்தான். 1942 ஜனவரியில ஜப்பான் நீர்மூழ்கி டார்பிடோ போட்டதுல அடிபட்ட அமெரிக்க சரக்குக் கப்பல், இழுத்துட்டு வந்து கரையில ஏத்தி விட்டாங்க, அப்படியே இருபது வருஷத்துக்கு மேல கரையிலயே கிடந்துச்சு, 1963ல அகுங் எரிமலை வெடிச்சப்போதான் அது கடலுக்குள்ள சரிஞ்சுது. அதனால கரையிலேருந்து அப்படியே நடந்து போயி இறங்கிடலாம், படகு வேண்டாம், மேல் பகுதி அஞ்சு மீட்டர் கிட்ட ஆரம்பிச்சு அடி 30 மீட்டர் கிட்ட போகுது. மெதுவா ஆழத்துலேருந்து மேல வந்துக்கிட்டே முழு கப்பலையும் சுத்தலாம், கடைசி பத்து நிமிஷம் ஆழம் கம்மியான இடத்துல பவளத்தைப் பாத்துக்கிட்டே, மேல வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிக்கற சேஃப்டி ஸ்டாப்பும் முடிஞ்சுடும். கறுப்பு உருண்டைக் கல்லு மேல டேங்கோட நடக்கறது மட்டும் கொஞ்சம் பேஜார், கால்ல போடற டைவிங் பூட்ஸ் தடிமனா இருக்கணும். விடிகாலையில முதல் ஆளா இறங்கினா நெத்தி புடைச்ச பெரிய கிளிமீன் கூட்டம் இருக்கும், ராத்திரி கப்பல்ல தங்கிட்டு வெளிச்சம் வர்றப்போ அப்படியே கிளம்பிப் போகும், ஒரு மீட்டருக்கு மேலயும் வளர்ற மீன். இதைப் பாக்கறதுக்காகவே நான் தூக்கத்தை விடுவேன்.

அடுத்தது செங்கடல், எகிப்து பக்கம் திஸில்கார்ம். இது அட்வான்ஸ்டு இருந்தாதான். வட ஆப்பிரிக்காவுல சண்டை போட்ட பிரிட்டனோட எட்டாவது ராணுவத்துக்குச் சாமான் கொண்டு போன பிரிட்டிஷ் கப்பல், சூயஸ் கால்வாய் அடைபட்டுக் கிடந்ததால காத்துக்கிட்டிருந்தப்போ 1941 அக்டோபர் 6 அன்னிக்கு ஜெர்மன் விமானம் குண்டு போட்டுச்சு. சரக்கெல்லாம் இன்னும் உள்ள இருக்கு, அதுதான் இதோட விசேஷம். சரக்கு அறைக்குள்ள டார்ச் அடிச்சா லாரிங்க, அந்த லாரிங்க மேலயே வரிசையா நிறுத்தி வச்ச பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிள்ங்க, சக்கரம், ஹேண்டில் பாரு, டேங்க் எல்லாம் வடிவம் மாறாம, பக்கத்துல குவியலா ரப்பர் பூட்ஸுங்க. கூரையைப் பாத்தா பாதரசம் கொட்டி வச்ச மாதிரி ஒண்ணு பளபளன்னு நெளியும், அது நமக்கு முன்னாடி போனவங்க விட்ட காத்து. அந்தக் காத்து மாட்டிக்கிட்டு இரும்பை இன்னும் சீக்கிரம் அரிக்குது, போதாக்குறைக்கு வருஷக்கணக்கா படகுங்க கப்பல் மேலயே கயிறு கட்டினதுல ரெயிலிங்கும் தளமும் பிஞ்சு போயிருக்கு. அதனால கப்பல்ல கட்டாத, கூட்டமா ஆளை இறக்காத படகாப் பாத்துப் போங்க, கேட்டா சொல்லுவாங்க. நீரோட்டம் பலமா அடிக்கிற இடம், கயிறைப் பிடிச்சுத்தான் இறங்கணும் ஏறணும். நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூடுதலா கலந்த காத்து, அந்தக் கோர்ஸ் முடிச்சிருந்தா இங்க அதோட அருமை புரியும், 32 சதவீத ஆக்சிஜன் இருக்கறதை எடுத்துட்டுப் போனா நிக்கற நேரம் நல்லாவே கூடும்.

ஒரே பயணத்துல நிறைய கப்பல் பாக்கணும்னு நினைக்கறவங்களுக்கு பிலிப்பைன்ஸ்ல கோரான். 1944 செப்டம்பர் 24 ஒரே நாள்ல அமெரிக்க விமானங்க அடிச்சு மூழ்கடிச்ச ஜப்பான் கப்பல்ங்க, ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரமில்ல. தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், ஆனா செங்கடல் மாதிரி தெளிவா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. இராக்கோங்கற கப்பல் 40 மீட்டரைத் தொடுது, ஆனா லுசாங் கன்போட்ங்கற சின்னக் கப்பல் ஸ்நார்க்கல் வச்சே பாக்கற ஆழத்துல இருக்கு, அதனால டைவ் பண்ணாத ஆள் கூட வந்தாலும் கவலையில்ல.

சைப்ரஸ் லார்னகாவுல ஜெனோபியா. 1980 ஜூன்ல முதல் பயணத்துலயே கவிழ்ந்த ஃபெர்ரி கப்பல், உள்ள நூறுக்கும் மேல லாரிங்க, பயணிகளும் ஊழியருங்களும் தப்பிச்சுட்டாங்க. இடது பக்கமா சாஞ்சு கிடக்கறதால படிக்கட்டு சுவராவும் சுவர் தரையாவும் இருக்கும், தலை சுத்தும். உள்ள போற ஆசை இருந்தா மூழ்கின கப்பலுக்குன்னே இருக்கற ரெக் கோர்ஸ் பண்ணிட்டு, கூட ஒரு அனுபவசாலியோட, திரும்பி வர்ற வழி தெரிய ரீல் கயிறு வச்சுக்கிட்டுப் போங்க. காத்தை மூணாப் பிரிச்சு ஒரு பங்குல போயி, ஒரு பங்குல வந்து, ஒரு பங்கை கையில வச்சிருக்கணும், இதுல பேரம் பேசக்கூடாது. ஃபின் ஒரு தடவை தப்பாப் பட்டா போதும், வண்டல் கிளம்பி டார்ச் வெளிச்சமே தெரியாது.

ஆஸ்திரேலியாவோட யாங்கலா கப்பல்ல உள்ள போற பேச்சே இல்ல, உள்ள நுழையறதுக்குத் தடை. 1911ல புயல்ல 122 பேரோட போச்சு, 1958லதான் அடையாளம் கண்டாங்க. நான் அந்தத் தடையை மனசார ஆதரிக்கறேன். வெளியிலேருந்தே மீன் கூட்டம் கண்ணை நிறைச்சுடும், உள்ள இருக்கறது அந்த மக்களோட கல்லறை. எந்தக் கப்பல்லயும் ஒரு கிண்ணத்தைக்கூட எடுக்காதீங்க, நகர்த்தவும் வேண்டாம்.

ஸ்காட்லாந்தோட ஸ்கேபா ஃப்ளோ குளிர் தண்ணி ஆளுங்களுக்கு. 1919 ஜூன் 21ல ஜெர்மன் கடற்படை தன் கப்பலையே தானே மூழ்கடிச்ச இடம், தண்ணி உள்ள வராத ட்ரை சூட் பழகியிருக்கணும்.

அப்போ மைக்ரோனேசியாவோட ட்ரக் (Truk) லகூன்? அங்க போக காசும் நேரமும் ஏகத்துக்கு ஆகும். 1944 பிப்ரவரி 17, 18 ரெண்டு நாள் தாக்குதல்ல மூழ்கின கப்பல்ங்க ஏராளம், ஃபுஜிகாவா மாரு அட்வான்ஸ்டு ஆளுங்களுக்கே அருமையா இருக்கும், சரக்கறையில விமான பாகங்க கிடக்கு. ஆனா சான்ஃபிரான்சிஸ்கோ மாருவோட தளத்துல நிக்கற ராணுவ டாங்குங்க 50 மீட்டர் கிட்ட, அது பொழுதுபோக்கு டைவிங் எல்லையைத் தாண்டிப் போற டெக்னிக்கல் பயிற்சி இருக்கறவங்களுக்கு. அவ்வளவு தூரம் போயிட்டு அதைப் பாக்காம வர்றது வேதனையா இருக்கும், அதனால பயிற்சி முடிச்சுட்டுப் போங்க, அதுவரைக்கும் லிபர்ட்டியும் கோரானும் இருக்கு.

டிக்கெட் போடறப்போ ஒண்ணு, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவுல குறைஞ்சது 18 மணி நேரம் விடுங்க, பல நாள் டைவ் பண்ணியிருந்தா நான் ஒரு நாள் முழுசா விடுவேன். கடைசி நாள்ல ஒரு டைவைச் சேக்கறதுக்காக இதைச் சுருக்கற ஆளுங்களைப் பாத்தா எனக்கு ஆத்திரமா வரும்.