பெராமா டாக் நாட்குறிப்பு

செப்டம்பர் 18

கப்பல் மிதவை டாக்கில் ஏறியாயிற்று. கடல்நீரை உள்ளே எடுக்கும் சீ செஸ்ட் வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டோம். ப்ரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்து அடைப்பு, ஸ்டெர்ன் டியூப் சீல், நாளைக்கு.

பெராமா என்பது பிரேயஸ் துறைமுகத்துக்கு மேற்கே, பழுதுபார்க்கும் பட்டறைகள் வரிசையாக நிற்கும் கரை. எதிரே தெரிவது சலாமிஸ் தீவு. ஃபெரியில் ஏறினால் கால் மணி நேரம். நடுவில் கிடக்கும் இந்தத் தண்ணீரில்தான் கி.மு. 480இல் பாரசீகக் கடற்படை நொறுங்கியது. பின்னால் எகாலியோ மலை. அதன் அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் மன்னன் செர்க்ஸஸ் தன் கப்பல்கள் அழிவதைப் பார்த்தான் என்கிறார் ஹெரோடோட்டஸ். இன்றைக்கு அந்தச் சரிவு முழுக்க மாடி வீடுகளும் துணி காயும் கொடிகளும்.

எஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகத்தைப் போனில் இறக்கி வைத்திருக்கிறேன். முழுதாகத் தப்பிவந்த கிரேக்க நாடகங்களில் இதுதான் பழையது. கி.மு. 472இல் ஏதென்ஸில் அரங்கேறியது. இங்கே வைத்துப் படிக்காவிட்டால் வேறெங்கே படிக்கப்போகிறேன்?

செப்டம்பர் 19

கதை நடப்பது சலாமிஸில் இல்லை, பாரசீகத் தலைநகர் சூசாவில். போருக்குப் போனவர்களைப் பற்றிச் செய்தி வராமல் கிழவர்கள் கவலைப்படுகிறார்கள். ராணி கெட்ட கனவு கண்டு வருகிறாள். ஏதென்ஸ் எங்கே இருக்கிறது, அவர்களுக்கு யார் எஜமான் என்று விசாரிக்கிறாள். யாருக்கும் அவர்கள் அடிமை இல்லை என்று பதில் வருகிறது. அந்த வரிக்கு ஏதென்ஸ் கூட்டம் எப்படி ஆர்ப்பரித்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

பிறகு தூதன் வருகிறான். அங்கேதான் நாடகம் எழுந்து நிற்கிறது. பாரசீகத் தளபதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எவன் எந்தப் பாறையில் மோதிக் கிடக்கிறான் என்று கணக்குக் கொடுக்கிறான். கிரேக்கர் கப்பல் 310, நம்முடையது 1000 என்கிறான். தண்ணீரில் விழுந்த பாரசீகர்களைக் கிரேக்கர்கள் உடைந்த துடுப்பாலும் பலகைத் துண்டாலும் அடித்துக் கொன்றதைச் சொல்லும்போது, வலையில் விழுந்த சூரை மீனை அடிப்பதுபோல என்கிறான்.

எங்கள் மிஸ்திரி தூத்துக்குடிக்காரர். என்னைவிட ரொம்ப மூத்தவர். பத்துப் பேர் முன்னால் எனக்கு 'தீன் சாப்', அதாவது மூன்றாம் இஞ்சினியர் ஐயா, என்று மரியாதை கொடுப்பார். தனியாக இருந்தால் 'தம்பி'. டீ நேரத்தில் இந்த இடத்தைப் படித்துக் காட்டினேன்.

"அடிக்கிறதைப் பார்த்தவன்தான் தம்பி எழுதியிருக்கான். சூரையை அப்படித்தான் அடிப்பாங்க, தலையில."

பார்த்தவன்தான் அண்ணாச்சி. 490இல் மாரத்தான் போரில் எஸ்கிலஸ் நின்றிருக்கிறார். அவருடைய தம்பியோ அண்ணனோ, கைனெகைரஸ், அதே போரில் எதிரிக் கப்பலின் பின்புறத்தைப் பிடித்து இழுத்தபோது கோடரியால் கை வெட்டுப்பட்டுச் செத்தான். சலாமிஸிலும் எஸ்கிலஸ் இருந்தார் என்பது பழைய சாட்சி.

செப்டம்பர் 21

மழை. வெளிவேலை நின்றது. நாடகத்தை முடித்துவிட்டேன்.

இதில் பேசும் நடிகர்கள் இரண்டே பேர். மற்றதெல்லாம் கோரஸ், அதாவது ஆடிப்பாடும் குழு. முதலில் ஒரே நடிகன்தான் இருந்தான், எஸ்கிலஸ் இரண்டாமவனைக் கொண்டுவந்தார், மூன்றாமவனைச் சோஃபக்ளிஸ் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். ஆள் பற்றாக்குறையை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பது எனக்கு இஞ்சின் ரூம் வேலை மாதிரியே இருக்கிறது. ராணி, தோற்று வரும் மகனுக்கு நல்ல உடை எடுத்துக்கொண்டு எதிர்கொள்ளப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். கிழிந்த உடையோடு செர்க்ஸஸ் வருகிறான். ஆனால் தாயும் மகனும் சந்திப்பதே இல்லை! இரண்டு வேடமும் ஒரே ஆள் கட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். முகமூடியை மாற்றிக்கொண்டு வந்தவன் எப்படித் தன்னையே கட்டிக்கொள்வான்?

அந்தச் சந்திப்பு இல்லாததால்தான் முடிவு இவ்வளவு கடுமையாக இருக்கிறது. அம்மா கையால் உடை மாற்றிக்கொள்ள விடாமல், கிழவர்கள் அவனிடம் 'அவன் எங்கே, இவன் எங்கே' என்று பெயர் பெயராகக் கேட்கிறார்கள். அவனும் சேர்ந்து மாரடித்து அழுகிறான். ஒப்பாரியோடு திரை. திரை என்று ஒன்று அப்போது கிடையாது, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இன்னொன்று: இத்தனை பாரசீகப் பெயர்கள் வருகின்றன, கிரேக்கன் ஒருவன் பெயர்கூட இல்லை. செர்க்ஸஸை ஏமாற்றிக் குறுகிய நீருக்குள் இழுத்த தந்திரம் ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளிஸுடையது என்று ஊருக்கே தெரியும். நாடகத்தில் 'ஏதென்ஸ் படையிலிருந்து ஒரு கிரேக்கன் வந்து சொன்னான்', அவ்வளவே.

செப்டம்பர் 23

இரண்டு நாளாக ஒரே பெயரில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்: பிரினிக்கஸ்.

'பாரசீகர்கள்' நாடகத்தின் பழைய முன்குறிப்பு ஒன்றில், இது பிரினிக்கஸின் 'ஃபினீசியப் பெண்கள்' நாடகத்தைப் பார்த்து அமைத்தது என்று போட்டிருக்கிறது. சான்றாக அந்த நாடகத்தின் முதல் வரியையும் எடுத்துக் கொடுத்திருக்கிறது. இரண்டு முதல் வரிகளும் ஒன்றன் நிழல் மற்றது. தெரியாமல் நேர்ந்ததாக இருக்க முடியாது.

பிரினிக்கஸ் எஸ்கிலஸுக்கு முந்தைய தலைமுறை. 511 வாக்கில் முதல் பரிசு. பெண் பாத்திரங்களுக்கு முகமூடி போட்டு முதலில் மேடையேற்றியவர் என்று சொல்கிறார்கள் (போட்டு நடித்தது ஆண்கள்தான்). ஆட்டத்தில் வல்லவர், புயல் இரவில் கடல் எத்தனை அலை எழுப்புமோ அத்தனை அடவு எனக்குத் தெரியும் என்று பெருமையடித்ததாக ப்ளூட்டார்க் எழுதியிருக்கிறார். இதைக் கடலோடி ரசிக்காமல் யார் ரசிப்பது.

அவர் பெயர் வரலாற்றில் நின்றது ஆட்டத்தால் அல்ல, அபராதத்தால். சின்ன ஆசியக் கரையில் மிலேட்டஸ் நகரம் பாரசீகருக்கு எதிராகக் கிளர்ந்தபோது ஏதென்ஸ் 20 கப்பல் அனுப்பியது, பிறகு பின்வாங்கிக்கொண்டது. 494இல் மிலேட்டஸ் விழுந்தது. ஆண்களில் பெரும்பாலோரைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் பிரினிக்கஸ் 'மிலேட்டஸின் வீழ்ச்சி' என்று நாடகம் போட்டார். அரங்கம் முழுக்கக் கதறி அழுதது. நம் சொந்தத் துயரத்தை நினைவூட்டினான் என்று 1000 ட்ராக்மா தண்டம் விதித்தார்கள். இனி யாரும் அந்த நாடகத்தை எடுக்கவே கூடாது என்று தடையும் போட்டார்கள். ஹெரோடோட்டஸ் நாலு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

"அழ வச்சதுக்கா ஃபைன்?" என்றார் மிஸ்திரி. "எவ்வளவு வரும் நம்ம கணக்குல?"

அந்த நூற்றாண்டின் கடைசியில் அக்ரோபோலிஸ் கட்டட வேலையில் கொத்தனுக்கு நாள் கூலி ஒரு ட்ராக்மா. ஆயிரம் நாள் கூலி என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"அடேயப்பா. அப்ப அவனுங்க உதவிக்குப் போகாம விட்டதுக்கு இவன் கட்டினானா?"

புத்தகம் போட்டவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைத்தான்.

செப்டம்பர் 24

சீல் மாட்டியாயிற்று. பதினான்கு மணி நேர வேலை. படிக்கவில்லை.

செப்டம்பர் 27

விடுமுறை கிடைத்தது. பஸ்ஸில் பிரேயஸ், அங்கிருந்து மெட்ரோ, அக்ரோபோலிஸின் தெற்குச் சரிவில், மதுவுக்கும் நாடகத்துக்கும் கடவுளான டயோனிசஸின் அரங்கு.

மேலே பார்த்தினான் பார்க்கப் போகும் கூட்டம் இங்கே இரண்டு நிமிஷம்தான் நிற்கிறது. நிற்கும் இரண்டு நிமிஷமும் எஸ்கிலஸ் இந்தக் கல்லில் நடந்தார் என்று நினைத்துப் படமெடுக்கிறது. இல்லை. இந்தக் கல் இருக்கைகள் 330 வாக்கில் லைகர்கஸ் என்ற அரசியல்வாதி முடித்துவைத்தவை. நடுத்தரையில் இருக்கும் பளிங்கு ரோமர் காலத்தது. எஸ்கிலஸ் காலத்தில் மலைச்சரிவும் மரப்பலகைகளும்தான். முன்வரிசையில் டயோனிசஸ் கோயில் பூசாரியின் பளிங்கு ஆசனம் மட்டும் அழகு. முதுகில் திராட்சைக் குலையோடு சாட்டிர்கள், அந்தக் கடவுளின் பாதி மிருகக் கூட்டாளிகள்.

மரப்பலகை என்றதும் பிரட்டினாஸ். ஃப்ளியஸ் ஊர்க்காரர், சாட்டிர் நாடகம் என்ற கேலி வகையைக் கொண்டுவந்தவர். 499க்கும் 496க்கும் இடையே அவரும் எஸ்கிலஸும் கோரிலஸ் என்ற இன்னொரு நாடகாசிரியரும் போட்டியிட்டபோது பார்வையாளர் உட்கார்ந்திருந்த மரச்சாரம் சரிந்து விழுந்தது. அந்தச் சாரம் அகோரா சந்தைவெளியில் இருந்தது என்று பலர் கருதுகிறார்கள். அதன் பிறகுதான் அரங்கு இந்தச் சரிவுக்கு வந்ததாம். பாரம் தாங்காத மரம் இல்லாவிட்டால் இந்த மலைச்சரிவு அரங்கே இல்லை என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், சொல்லிக்கொள்கிறேன்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் தெஸ்பிஸ். அட்டிகாவின் இகாரியா ஊர். 534 வாக்கில் குழுவிலிருந்து விலகி நின்று தனியாகப் பேசிய முதல் நடிகன். இத்தனை பேர் முன்னால் இவ்வளவு பொய் சொல்ல வெட்கமில்லையா என்று ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன் அவரிடம் கேட்டதாகவும், விளையாட்டுக்குத்தானே என்று இவர் சொல்ல, இந்த விளையாட்டு நாளைக்கு நம் ஒப்பந்தங்களுக்குள் வந்து நிற்கும் என்று தடியால் தரையில் அடித்ததாகவும் ஒரு கதை. 534 சரியென்றால் அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே சோலோன் இறந்துவிட்டார். கதை நன்றாக இருப்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

செப்டம்பர் 28

கோரிலஸ்: 160 நாடகம், 13 பரிசு என்று பைசண்டைன் கலைக்களஞ்சியமான சூடா சொல்கிறது. நமக்குக் கிடைத்த நாடகத் தலைப்பு ஒன்றே ஒன்று. எண்ணிக்கையை நம்பலாமா என்பது வேறு.

செப்டம்பர் 30

திரும்பவும் பிரினிக்கஸ். அபராதம் கட்டியவர் ஓய்ந்துவிடவில்லை. 476இல் பரிசு வாங்குகிறார். கோரஸ் செலவை ஏற்றவர் சாட்சாத் தெமிஸ்டோக்ளிஸ். வெற்றிக்குக் கல்வெட்டும் வைத்தார். அந்த ஆண்டு போட்ட நாடகம்தான் 'ஃபினீசியப் பெண்கள்' என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். பாரசீகக் கடற்படையின் நல்ல கப்பல்கள் ஃபினீசியர் கொடுத்தவை. அங்கே மூழ்கியவர்களின் பெண்கள்தான் கோரஸ்.

இதுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. மிலேட்டஸில் நம் ஆட்களின் சாவைக் காட்டியவருக்குத் தண்டம் விழுந்தது. அடுத்து அதே மனிதர் எதிரியின் வீட்டு ஒப்பாரியைக் காட்டினார், பரிசு விழுந்தது. துன்பியல் நாடகத்துக்கு ஒரு தூரம் வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவர் எஸ்கிலஸ் என்று பாடப்புத்தகம் சொல்லும். காசு கொடுத்துக் கற்றவர் பிரினிக்கஸ்.

எஸ்கிலஸ் செய்தது வேறு. பிரினிக்கஸின் நாடகம் தொடங்கும்போதே அரண்மனை அலி ஒருவன் ஆலோசகர்களுக்கு இருக்கை போட்டுக்கொண்டே செர்க்ஸஸ் தோற்றுவிட்டான் என்று சொல்லிவிடுகிறான். மீதி முழுக்க அழுகை. எஸ்கிலஸ் அந்தச் செய்தியைக் கால்வாசி நாடகத்துக்குத் தள்ளிப்போட்டார். பார்ப்பவர்களுக்கு முடிவு தெரியும். தெரியாமல் தவிக்கும் கிழவர்களையும் தாயையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஜெயித்தவர்கள் எட்டு வருஷம் கழித்து, தாங்கள் கொன்றவர்களின் வீட்டு வாசலில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். இந்த முறை செலவு செய்தவர் இருபதுகளில் இருந்த பெரிக்ளிஸ், பின்னாளில் ஏதென்ஸின் பெரிய தலைவர். முதல் பரிசு.

இது எதிரிக்காக இரங்குவதா, எதிரி அழுவதைப் பார்த்து மகிழ்வதா என்று அறிஞர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். ஜலசந்தியின் வாயில் ப்சிட்டாலியா என்ற சின்னத் தீவு. இங்கே வரும்போது கடந்தோம், இப்போது ஏதென்ஸின் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையம். அதில் மாட்டிக்கொண்ட பாரசீகப் பிரபுக்களைத் துண்டு துண்டாக வெட்டியதை எஸ்கிலஸ் சொல்லும் இடத்தில் இரக்கமும் இருக்கிறது, கை ருசியும் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் துடைத்தால் நாடகம் போலியாகிவிடும்.

அக்டோபர் 2

நாளை டாக்கில் தண்ணீர் விடுகிறார்கள். ஒவ்வொரு வால்வையும் லீக் பார்க்க வேண்டும்.

467 போட்டியின் முடிவு கிடைத்தது. முதலிடம் எஸ்கிலஸ், இரண்டாவது பிரட்டினாஸின் மகன் அரிஸ்டியாஸ், அப்பாவின் நாடகங்களோடு, மூன்றாவது பிரினிக்கஸின் மகன் பாலிஃப்ராஸ்மன். 422இல் அரிஸ்டோஃபனீஸின் 'குளவிகள்' நாடகத்தில், விடியுமுன் விளக்கோடு நீதிமன்றத்துக்குப் போகும் கிழவர்கள் பிரினிக்கஸின் அந்தப் பழைய ஃபினீசியப் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டு வருகிறார்கள். அரை நூற்றாண்டு வாயில் நின்ற பாட்டு ஏட்டில் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதற்கு ஒரு காரணம், அரங்கைக் கல்லில் முடித்த அதே லைகர்கஸ். எஸ்கிலஸ், சோஃபக்ளிஸ், யூரிப்பிடிஸ் மூவரின் பிரதிகளை மட்டும் அரசு காக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். பிறகு எகிப்தின் மூன்றாம் டாலமி 15 டாலந்து வெள்ளி பிணைப்பணம் கட்டி அந்த ஏடுகளை அலெக்சாண்ட்ரியாவுக்கு இரவல் வாங்கி, பணம் போனால் போகட்டும் என்று மூலத்தை வைத்துக்கொண்டு நகலைத் திருப்பி அனுப்பினார் என்று காலன் என்ற கிரேக்க மருத்துவர் எழுதியிருக்கிறார். திருட்டுக்கும் அந்த மூவர்தான்.

எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டிலிருந்து 1950இல் ஒரு பாப்பிரஸ் வெளியானது: லிடியா நாட்டு அரசனான கைஜஸின் கதையில் ராணி பேசும் சில வரிகள். பிரினிக்கஸ் காலத்தது என்று முதலில் துள்ளினார்கள். பிற்காலத்தது என்றே இப்போது பலரும் நினைக்கிறார்கள். எனக்கு இன்னொரு சோஃபக்ளிஸ் வேண்டாம்; 'மிலேட்டஸின் வீழ்ச்சி' நாலு பக்கம் கிடைத்தால் போதும்.

அடுத்து சூயஸ். எகிப்துக்குள்ளேயே போகிறோமே தம்பி, அந்தக் குப்பைமேட்டைப் பார்த்துட்டு வாயேன் என்கிறார் மிஸ்திரி. கால்வாய் தாண்டும் நேரம் முழுக்க நான் இஞ்சின் கண்ட்ரோல் ரூமில்.